விளக்கு வைத்தபின் லாச்சி திறப்பதில்லை

பார்க் எக்ஸ்டென்ஷனில் யோகராணியின் கடைக்கு வாடிக்கையாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பின்னேரம் இருட்டத் தொடங்கி, அவள் சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டால், தேவாரம் முடிந்து கற்பூரம் அணையும்வரை காசு போடுகிற இழுப்பறை, அந்த லாச்சி, திறக்காது. சாமான் எடுக்கலாம், விலை கேட்கலாம், தாளை மேசையில் வைத்துவிட்டு நிற்கலாம். மிச்சக் காசுக்கு மட்டும் பொறுக்க வேண்டும். விளக்கு வைத்த நேரத்தில் காசை வெளியே விட்டால் லட்சுமியும் பின்னால் போய்விடுவாள் என்று அவளுடைய தாய் சொல்லியிருந்தாள். யோகராணி அதைச் சரியா பிழையா என்று ஆராய்ந்து பார்த்ததில்லை. கடைப்பிடித்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை என்றால் காத்து நிற்பதற்குப் பலனும் உண்டு. தேங்காய்ச் சொட்டுப் போட்டு அவித்த கடலை ஒரு சட்டி நிறைய இருக்கும். தீபம் காட்டி முடிந்ததும் கடைக்குள் நிற்கிற எல்லோருக்கும் ஒரு கை. மேல்மாடியில் குடியிருக்கும் கிரேக்கக் கிழவர் முதல் நாள் ஒற்றைக் கையை நீட்டினார். "மற்றக் கையையும்" என்று யோகராணி தமிழிலேயே சொன்னாள். இப்போது அவர் இடது கையைக் கீழே கொடுத்து, வலது கையை மேலே ஏந்தி, எங்கள் ஆட்களைவிடப் பக்தியாக வாங்குகிறார்.

போன மாரிக் குளிரில் அந்தக் கடைக்குள் முகமூடி போட்ட இரண்டு பேர் புகுந்து கொள்ளையடித்தார்கள். லாச்சியை இழுத்து எடுத்ததோடு நிற்காமல், வழியில் நின்ற யோகராணியையும் தள்ளி விழுத்திவிட்டுப் போனார்கள். அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. பொலிஸ் வந்து எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனது. ஆட்கள் பிடிபடவில்லை.

மணிக்கட்டு பொருந்திவிட்டது. பொருந்தாமல் கிடந்தது அவளுடைய தம்பி வசீகரனின் மனம்தான். லவாலில் ஒரு குளிரறைக் கிடங்கில் வேலை செய்கிறவன். நாற்பது வயதைத் தாண்டியவன். ஒரு பூச்சியை அடிக்கவும் யோசிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன். அவன் திடீரென்று வேட்டைக்குப் போகிற கிறகரி அண்ணையோடு சிநேகமானான். வகுப்புக்குப் போனான், சோதனை எழுதினான், லைசென்ஸ் எடுத்தான், மான் சுடுகிற துப்பாக்கி ஒன்றும் வாங்கினான். வகுப்பு எடுத்த வெள்ளைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: இது வேட்டைக்கும் விளையாட்டுக்கும் தருகிற அனுமதி, ஆளைக் காவல் காக்க அல்ல. வசீகரன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் படுத்தால் அவனுக்குத் தெரிந்தது மானல்ல. அக்காவின் கடை வாசலும் அந்த இரண்டு முகமூடிகளும்தான். இன்னொரு முறை வரட்டும் என்று அவன் கறுவிக்கொண்டிருந்தான்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அவன் பின்பக்க ஒழுங்கையால் கடைக்கு வந்தான். கிறகரி அண்ணையோடு காட்டுக்குப் போகிற நாள். போகிற வழியில் அக்கா கட்டித்தருகிற சாப்பாட்டை எடுக்க வேண்டும்.

"வந்திட்டியா மான் வேட்டை?"

"அக்கா, உந்தக் கதையைச் சத்தமாச் சொல்லாதை."

"ஏன், மானுக்குக் கேட்டிடுமோ?" யோகராணி தேங்காய் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே அவன் தோளில் தொங்கிய நீளப் பையைப் பார்த்தாள். "உந்தப் பையை ஏன் உள்ளுக்குக் கொண்டு வாறாய்?"

"காரின்ர டிக்கிப் பூட்டு பிழைச்சுப் போச்சு. ஒழுங்கையில அப்பிடியே விட்டிட்டு வரேலாது. சட்டம்."

"சட்டம் படிச்ச ஆள். சரி, அரிசி மூட்டையளுக்குப் பின்னால வை. சாமிச் சாமான் இருக்கிற பக்கம் வேண்டாம்."

அவன் பையைக் கொண்டுபோய் வைத்தான், அதன் வாரை மட்டும் விடவில்லை. யோகராணி சம்பல் டப்பாவை மூடிவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"வசி, உண்மையைச் சொல்லு. நீ உந்தத் துப்பாக்கியை மானுக்கோ வாங்கினனீ?"

"வேற ஆருக்கு?"

"போன முறை மான் உனக்கு முன்னால வந்து நிண்டதாம். கிறகரி அண்ணை சொன்னவர். நீ தும்மினியாம்."

"தடிமன், அக்கா."

"நல்ல தடிமன். மானுக்கு ஆயுசு குடுத்த தடிமன்." அவள் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு பேரை நினைச்சுக்கொண்டு நீ உந்தத் துப்பாக்கியைக் காவிக்கொண்டு திரியிறாய். என்ர கை முறிவு மாறீட்டுது. உன்ர கையைப் பார், பையை விட மனமில்லாமல் நிக்குது."

அவன் வாரை விட்டான். அத்தான் கணேசலிங்கம் வெள்ளிக்கிழமைகளில் லொறியோடு டொரொண்டோவுக்குப் போய்விடுவார். அக்கா கடையில் தனியே நிற்பாள். அதை அவளிடம் சொன்னால், பிள்ளையார் நிற்கிறார் என்பாள். ஒரு முறை அப்படிச் சொன்னபோது, "பிள்ளையார் போன மாரியில எங்க போனவர்?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுவதும் அவன் வருந்தினான்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. "விளக்கு வைச்சுப்போட்டு வாறன். நீ தேத்தண்ணி ஊத்திக் குடி" என்று யோகராணி முன்பக்கம் போனாள்.

களஞ்சிய அறைக்கும் கடைக்கும் நடுவே தடித்த பிளாஸ்டிக் பட்டிகள் திரைபோலத் தொங்கின. அதற்கு மேலே, கடை முழுவதையும் காட்டுகிற சின்னத் திரை ஒன்று இருந்தது. வசீகரன் கேத்தலைப் போட்டான். தேவாரம் கேட்டது. கற்பூர வாசம் வந்தது. வாசல் மணி கிணுகிணுத்தது. அவன் தற்செயலாக நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

கறுப்பு முகமூடி. கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் குளிரில் முகத்தை மூடிக்கொண்டு வருவது பெரிய விஷயமில்லை. ஆனால் வந்தவன் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தியை எடுத்தான். சமையல்கட்டுக் கத்தி. பெரியது.

பொலிசுக்குப் போன் அடிக்க வேண்டும் என்பது வசீகரனுக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் கை முதலில் தேடியது சாவியை. பையைத் திறந்தான். விசைப் பூட்டைக் கழற்றினான். வேறு பையில் இருந்த ரவைகளை எடுத்துப் போட்டான். எத்தனையோ இரவுகள் மனதுக்குள் செய்து பார்த்த வேலை. கை நடுங்கவேயில்லை. அதைப் பிறகு நினைத்தபோதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"லாச்சியைத் திற, கெதியா" என்று வந்தவன் பிரெஞ்சில் சொன்னது கேட்டது.

யோகராணி திரும்பவில்லை. இடது கையில் மணியும் வலது கையில் கற்பூரத் தட்டுமாகச் சாமிப் படத்தைப் பார்த்தபடியே, தேவாரத்தின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்கிறதைச் சொன்னாள்.

"பொறும் தம்பி. விளக்கு வைச்ச நேரம். லாச்சி திறக்கிறேல்லை."

தமிழில்தான் சொன்னாள். தேவாரம் சொல்கிற வாயில் வேறு பாஷை வராது.

வசீகரன் பட்டிகளின் இடைவெளியால் துப்பாக்கியை நீட்டி, அதன் மேலிருந்த குழாய்க் கண்ணாடியில் கண்ணை வைத்தான். கண்ணாடிக்குள் முகமூடி கிட்டத் தெரிந்தது. இனி ஒரு விரல் மடங்கினால் போதும். அப்போது வகுப்பு எடுத்த வெள்ளைக்காரரின் குரல் கேட்டது. அந்த மனிதர் ஒவ்வொரு வகுப்பிலும் மேசையில் தட்டித் தட்டிச் சொன்னது அது ஒன்றைத்தான்: குறியைப் பார்க்கிறது பெரிதல்ல, குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்.

அவன் பார்த்தான். முகமூடிக்குப் பின்னால் கடையின் பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே பஸ் தரிப்பு. அங்கே ஒரு பெண் குனிந்து, பிள்ளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வந்த குழந்தையின் தொப்பிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை கடைக்குள் எரிகிற விளக்கைப் பார்த்துக் கொண்டு நின்றது.

வசீகரன் ஓரடி இடப்பக்கம் நகர்ந்தான். இப்போது குறுக்கே அக்கா நின்றாள். திரும்ப வலப்பக்கம் வந்தான். திரும்பவும் அந்தக் குழந்தை. விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டான். ஆனால் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. வந்தவன் ஓரடி தள்ளி நிற்கட்டும், ஓரடி போதும் என்று காத்துக்கொண்டு நின்றான்.

முகமூடி பேசியது. இந்த முறை பிரெஞ்சு இல்லை.

"அக்கா, விளையாடாதேங்கோ."

"நான் எங்க விளையாடுறன்? கற்பூரம் எரியுது. உமக்குக் கண் தெரியேல்லையே?" அவள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். அதன் பிறகே திரும்பினாள். முகமூடியைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். அவள் தட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"தொட்டுக் கும்பிடும்."

அவன் அசையவில்லை. அவள் தட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கடலைச் சட்டியை இழுத்து, ஒரு கரண்டி அள்ளினாள்.

"கையை நீட்டும்."

"எனக்கு வேண்டாம்."

"வெள்ளிக்கிழமை. இஞ்ச வந்து ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொன்னதில்லை. நீட்டும், ஆறுது."

அவன் இடது கையை நீட்டினான்.

"இடக்கையிலயோ? ஆர் உமக்கு இப்பிடிப் பழக்கினது? மற்றக் கையையும்."

குழாய்க் கண்ணாடிக்குள் வசீகரன் அதைப் பார்த்தான். தன் வாழ்நாளில் அவ்வளவு கிட்ட ஒரு மனிதனின் கையை அவன் பார்த்ததில்லை. அந்தக் கை கத்தியை மேசையில் வைத்தது. மற்றக் கை அதன் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டது. மணிக்கட்டு வரைக்கும் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள், உணவகச் சமையல்கட்டில் நிற்கிறவர்களின் கை. இடது கை கீழே போனது, வலது கை மேலே வந்தது. கடலை ஒன்று தவறி மேசையில் விழுந்து உருண்டது. அவன் அதை இரண்டு விரலால் பொறுக்கி, கண்களில் ஒற்றி, பிறகு வாய்ப்பக்கத் துணியை விலக்கி, வாயில் போட்டுக்கொண்டான்.

யாரும் அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எந்த ஊரிலோ, எந்தக் கோயிலிலோ, சின்ன வயதில் யாரோ பழக்கியது. முகமூடி போட்ட பிறகும் அந்தப் பழக்கம் அவனிடம் இருந்தது.

வசீகரன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். ரவைகளை எடுத்தான், விசைப் பூட்டைப் போட்டான், பையில் வைத்துப் பூட்டினான். ஒரு வருடமாக எதற்குத் தயாராக இருந்தானோ அதைச் செய்யப் போவதில்லை என்பது அவனுக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. குழந்தையும் பெண்ணும் பஸ் ஏறிப் போயிருந்தாலும் செய்யமாட்டான். அந்த நிச்சயத்தோடு, வெறும் கையாக, பட்டிகளை விலக்கிக்கொண்டு கடைக்குள் வந்தான்.

முகமூடி திடுக்கிட்டு மேசையைப் பார்த்தது. கத்தி அங்கே இல்லை. அது யோகராணியின் கையில் இருந்தது. படையலுக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை அவள் அதால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வா வசி. என்ர கத்தியைத் தேடித் திரிஞ்சனான், இந்தத் தம்பி நல்ல நேரம் ஒண்டு கொண்டந்தார். பார், வெண்ணெய் வெட்டின மாதிரிப் போகுது." பாதிச் சீப்பை மேசைக்கு மேலால் நீட்டினாள். "இதையும் கொண்டு போம். வீட்டில ஆரும் இருந்தால் குடும்."

வந்தவன் வசீகரனைப் பார்த்தான். யோகராணியைப் பார்த்தான். பழத்தை வாங்கினான். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மணி கனநேரம் ஆடிக்கொண்டிருந்தது. மேசையில் ஒற்றைக் கையுறை கிடந்தது.

"அக்கா, உனக்கு விசரே?" என்றான் வசீகரன். "கத்தியைக் கண்டனீயோ இல்லையோ?"

"கண்டனான்."

"கண்டும்?"

"கற்பூரம் அணையேல்லையே, நான் என்ன செய்ய?"

"அவன் தமிழன் இல்லாட்டி? நீ சொன்னது விளங்காட்டி?"

"மேல்வீட்டுக் கிழவருக்கு என்ன, தமிழ் விளங்கிறதே? கடலை விளங்குது." அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த கை ஒரு இடத்தில் நின்றது. "நான் பயப்படேல்லை எண்டு நினையாதை. ஆனால் கை வழமையாச் செய்யிறதைத்தான் செய்தது. வேற ஒண்டும் அதுக்குத் தெரியாது."

"நாளைக்குக் காலமை பொலிசுக்குச் சொல்லப் போறன்."

"சொல்லு. நான் மறிக்கேல்லை. அவன் செய்தது பிழைதான்." பிறகு அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். அவன் கையைப் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். துப்பாக்கி எண்ணெய் மணத்தது. அவளுடைய முகம் மாறியது. களஞ்சிய அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"போய்க் கையைக் கழுவு. சவுக்காரம் போட்டு. கழுவினாத்தான் உனக்குப் பிரசாதம்."

அவன் கழுவினான். இரண்டு தரம் கழுவினான். வந்து இரண்டு கையையும் ஏந்தினான். கடலை இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

கிறகரி அண்ணை வந்து ஒழுங்கையில் ஹோர்ன் அடித்தார். வசீகரன் பூட்டின பையை அவருடைய காரில் வைத்து, அவர் வீட்டு இரும்பு அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கும்படி சொன்னான்.

"நீ வரேல்லையே? இண்டைக்கும் தடிமனோ?"

"ஓம் அண்ணை. இனி மாறாது போல கிடக்கு."

கிறகரி அண்ணை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "எப்ப வேணுமோ அப்ப வந்து எடு. வேண்டாட்டி விடு" என்றார். ரொட்டிப் பார்சலை மட்டும் ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு வசீகரன் லவாலில் உள்ள தன் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டிலேயே தங்கி, காலையில் அவளுக்கு முன்னமே கடையைத் திறந்தான். மேசையில் அந்தக் கையுறை இருந்தது. யோகராணி இரவே அதைத் துவைத்து, ஹீற்றரில் காயவைத்து, ஓட்டை விழுந்த பெருவிரலைத் தைத்தும் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போனைக் கையில் எடுத்தான். பொலிஸ் நிலைய இலக்கத்தைத் தேடி எடுத்தான். அடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். இன்னொரு கடையில், கடலை இல்லாத ஒரு கிழமையில், அதே கத்தி என்ன செய்திருக்கும்?

வாசல் மணி அடித்தது.

வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். முகத்தில் ஒன்றும் இல்லை. குளிரில் காதுகள் சிவந்திருந்தன. ஒரு கையில் கையுறை இருந்தது, மற்றக் கை ஜாக்கெட் பைக்குள். வாசல்மிதியைத் தாண்டாமல் நின்றான்.

"அண்ணை, நேற்று இஞ்ச ஒரு கையுறை..."

வசீகரன் அதைத் தூக்கிக் காட்டினான். "இதோ?"

"ஓம்."

அந்தச் சின்னச் சொல்லைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று வசீகரனுக்குத் தெரிந்தது. முகமூடி இல்லாமல், பகல் வெளிச்சத்தில், தன்னைப் பார்த்த ஆளின் முன்னால் வந்து நின்று ஓம் என்கிறான். ஒரு பழைய கையுறைக்காக யாரும் அப்படி வரமாட்டார்கள். வசீகரன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"உள்ளுக்கு வாரும். கதவைச் சாத்தும், குளிர் வருது. பேர் என்ன?"

"லக்ஷன்."

"கத்தி?"

"அது எனக்கு வேண்டாம் அண்ணை. அக்கா வைச்சிருக்கட்டும்."

"நல்லா வெட்டுதாம்."

லக்ஷன் சிரிக்கலாமா என்று தெரியாமல் கையுறையை வாங்கினான். தைத்திருந்த பெருவிரலைக் கண்டான். அதைத் தடவிக்கொண்டே நின்றான். வேலை செய்த உணவகம் கோடையோடு மூடிவிட்டது என்றான். அதற்கு முதல் மாதச் சம்பளமும் வரவில்லை என்றான். பிறகு, "அது ஒரு நியாயமில்லை, தெரியும்" என்றான்.

"ஓம், நியாயமில்லைத்தான்" என்றான் வசீகரன். "அக்காவிட்டை நீரே சொல்லும்."

"நேற்று நீங்கள் உள்ளுக்கை நிண்டனீங்களோ? முழு நேரமும்?"

வசீகரன் பட்டித் திரையைப் பார்த்தான். "நிண்டனான். என்ர கையிலயும் ஒண்டு இருந்தது. அதைக் கீழ வைச்சுப்போட்டுத்தான் வந்தனான்."

லக்ஷனுக்கு அது விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் அவன் பக்கத்து அலுமாரியைப் பிடித்துக்கொண்டான். வசீகரன் உட்கார ஒரு வாங்கை இழுத்துப் போட்டான். லக்ஷன் அதில் உட்கார்ந்தான். தாங்கள் எதிலிருந்து தப்பினோம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

பின்பக்கக் கதவு திறந்தது. யோகராணியின் குரல் வந்தது.

"வசி, ஆர் வந்திருக்கினம்?"

"கையுறைக்கு ஆள் வந்திருக்கு, அக்கா."

அவள் உள்ளேயிருந்தே உரக்கச் சொன்னாள்: "விளக்கு வைக்க இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. காசு ஏதும் அவசரமெண்டால் இப்பவே கேக்கச் சொல்லு. இப்ப லாச்சி திறக்கலாம்!"

லக்ஷன் தலையைக் குனிந்துகொண்டான். "காசு வேண்டாம், அக்கா" என்றான். "வேலை ஏதும் இருந்தால்..."

அதே நேரம் ஒழுங்கையில் லொறி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அத்தான் டொரொண்டோவிலிருந்து வந்துவிட்டார். வரும்போதே, "ஒருத்தரும் இல்லையே? இந்த மூட்டையளை நான் ஒருத்தனோ இறக்கிறது?" என்று சத்தம் போட்டார்.

"இருக்கினம், இருக்கினம்" என்றாள் யோகராணி. "இண்டைக்கு ரெண்டு பேர்."

வசீகரன் முன்னால் போனான், லக்ஷன் பின்னால் வந்தான். முதல் மூட்டையை இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கினார்கள். களஞ்சிய அறைக்குள் வந்ததும், எங்கே வைப்பது என்று லக்ஷன் கேட்டான்.

பழைய மூட்டைகளுக்குப் பின்னால், நேற்றுத் துப்பாக்கிப் பை இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

"அதில வையும்" என்றான் வசீகரன்.